வீடியோவிலிருந்து கணக்கிட்ட விசை ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் எடுத்த உயரக் குதியோ, லீ பஜாரில் மூட்டை தூக்கும் காட்சியோ, ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறி ஓடுவதோ, எதைப் படம் பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான். ஃபிரேம் ஃபிரேமாக உடலின் ஒரு புள்ளியைக் குறிக்கிறோம். இடம் மாறும் வீதம் திசைவேகம், அது மாறும் வீதம் முடுக்கம், அதை நிறையால் பெருக்கினால் விசை. கேமரா விசையை அளப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது படத்தில் ஓர் இடமும் ஒரு நேரமும் மட்டுமே. அதனால் விசை தப்பாக வந்தால் கோளாறு நேரத்திலோ, நீளத்திலோ, குறித்த புள்ளியிலோ, போட்ட நிறையிலோதான் இருக்கும். எதில் என்பதைத் தப்பாக வந்த எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே உள்ளவை டிராக்கர் மென்பொருளை வைத்து எழுதியவை. அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கினோவியா பயன்படுத்துபவர்களுக்குப் பட்டன்கள்தான் வேறு, கோளாறுகள் அவையே.

எதற்கும் முன்னால் பந்து

ஆள் குதிப்பதற்கு முன், அவர் நிற்கப்போகும் அதே இடத்தில், ஒரு கிரிக்கெட் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விடச் சொல்லுங்கள். கேமராவைத் தொடாமல், ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், அதே கிளிப்பிலேயே குதியையும் எடுங்கள். பிறகு டிராக்கரில் பந்தைக் குறித்து, உயரம்–நேரம் வரைபடத்தை டேட்டா டூலில் திறந்து பரவளையம் பொருத்துங்கள். நேரத்தின் இருபடிக்கு முன்னால் நிற்கும் எண்ணை இரண்டால் பெருக்கினால் ஈர்ப்பு முடுக்கம்.

சேலத்தில் அது 9.78 மீ/வி². ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், சேலத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது தசம இடத்தில்தான் வரும். கைபேசி வீடியோவுக்கு அது எட்டாது. மலைக்குப் போனதால் மாறியது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். 9.6 முதல் 10.0 வரை வந்தால் தாராளமாக மேலே போகலாம்.

தெருக் கிரிக்கெட்டுக்கு எடுக்கும் டென்னிஸ் பந்தை இதற்கு எடுக்காதீர்கள். 2 மீட்டர் விழுந்து முடியும்போது அதன் வேகம் நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் காற்றின் தடை அந்த இலேசான பந்தின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம். விடை 9.5 பக்கம் இறங்கும், நீங்கள் அளவுகோலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மென்பொருளைத் திறக்க நேரமில்லை என்றால் ஃபிரேமை எண்ணினாலே போதும். 2 மீட்டர் விழ 0.64 நொடி ஆகும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 19, 60 என்றால் 38, 240 என்றால் 153 ஃபிரேம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

0.15, 0.61, 2.4 அல்லது 39 வருகிறது

நேரம் தப்பு. நீளத்தைத் தொடவே வேண்டாம்.

ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்த கைபேசி, அதையே 30 ஃபிரேம் வேகத்தில் ஓடும் கோப்பாகச் சேமித்திருக்கும். நேரம் 8 மடங்கு நீண்டுவிட்டது. முடுக்கத்தில் நேரம் இருபடியாக வருவதால் விடை 64-ல் ஒரு பங்காகி 0.15 ஆகிறது. 120 ஃபிரேம் என்றால் 16-ல் ஒரு பங்கு, 0.61. 60 ஃபிரேம் என்றால் நான்கில் ஒரு பங்கு, 2.4. நேர்மாறாக, 30 ஃபிரேம் கிளிப்பை 60 என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால் 39 வரும். கிளிப் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட் கட்டத்தில் உண்மையில் எடுத்த வேகத்தைப் போடுங்கள். முடிந்தது.

இந்த நான்கு எண்களில் சேராமல், பந்து பாதி தூரம் விழுந்ததும் திசைவேகம் திடீரென்று பல மடங்கு மாறினால், அது கைபேசியின் எடிட்டர் செய்த வேலை. தொடக்கமும் முடிவும் சாதாரண வேகத்திலும் நடுப்பகுதி மட்டும் மெதுவாகவும் ஓடும்படி மாற்றி ஏற்றுமதி செய்திருக்கிறது. எடிட் செய்யாத மூலக் கோப்பை யூஎஸ்பி கேபிளில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கும்போது ஃபிரேம்களும் போய்விடும். வேறு வழியில்லை என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சராசரி சரியாக இருந்து, ஒரே நாளில் எடுத்த ஒரு கிளிப்பில் 9.2, இன்னொன்றில் 10.4 என்று ஆடினால் ஃபிரேம் இடைவெளி சீராக இல்லை. வெளிச்சம் குறைந்தால் கைபேசிகள் தாமாகவே ஃபிரேம் ரேட்டைக் குறைத்துக்கொள்ளும். மீடியாஇன்ஃபோ என்ற சிறு நிரலில் கோப்பைத் திறந்தால், ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று இருப்பது தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் போட்டு 'கான்ஸ்டன்ட்' ஆக்கலாம் என்பார்கள். ஆக்கலாம், ஆனால் அது இல்லாத ஃபிரேமுக்குப் பழையதையே நகலெடுத்து ஒட்டும். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் பந்து அதே இடத்தில் நின்று, மூன்றாவதில் இரண்டு மடங்கு தாவுவது அதனால்தான். மாற்றுவதைவிட, நல்ல வெளிச்சத்தில், ஃபிரேம் ரேட்டைப் பூட்டக்கூடிய ஓப்பன் கேமரா போன்ற செயலியில் மறுபடி எடுப்பது மேல்.

8-லிருந்து 12-க்குள் ஏதோ ஒன்று வருகிறது

நேரம் சரி, நீளம் தப்பு. பெரும்பாலும் இது இடமாறு தோற்றப் பிழை. கேமராவிலிருந்து 5 மீட்டரில் சுவர். சுவரில் சாய்த்த அளவுகோலை வைத்து அளவு கொடுத்தாயிற்று. ஆனால் ஆள் சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னால், அதாவது கேமராவிலிருந்து 4 மீட்டரில் குதிக்கிறார். படத்தில் அவர் 5/4 மடங்கு பெரிதாகத் தெரிவார். உயரம், திசைவேகம், முடுக்கம் எல்லாமே 25 சதவீதம் கூடி, ஈர்ப்பு முடுக்கம் 12.2 ஆகும். அளவுகோலை ஆள் நிற்கும் இடத்திலேயே பிடிக்கச் சொல்லிச் சில நொடி எடுங்கள். ஒன்றரை மீட்டருக்குக் குறையாத குச்சியாக இருக்கட்டும். 30 செ.மீ. ஸ்கேலில் ஒரு பிக்சல் தள்ளிக் குறித்தாலே பிழை பெரிதாகும். ஆளின் உயரத்தையே அளவாக வைப்பது வசதிதான், ஆனால் ஷூவும் நிற்கும் கூனும் சேர்ந்து இரண்டு மூன்று சதவீதத்தைத் தின்றுவிடும்.

கேமராவைத் தள்ளி வையுங்கள். குதிப்பவர் 10 செ.மீ. முன்னே வந்து இறங்கினால், 3 மீட்டர் தூரத்தில் அது 3 சதவீதப் பிழை. 8 மீட்டரில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். தள்ளிப்போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். சந்தேகம் இருந்தால் அதே குச்சியை நடுவிலும் மூலையிலும் பிடித்து அளந்து பாருங்கள்.

ஸ்டேடியம் படிக்கட்டில் உட்கார்ந்து கீழ்நோக்கி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 பாகை சாய்வில் செங்குத்து நீளங்கள் 6 சதவீதம் குறுகும். அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்திருந்தால் அதுவும் சேர்ந்து குறுகுவதால் உயரக் கணக்கு தப்பிக்கும். படுக்கை வசத்தில் பிடித்திருந்தால் 9.2 வரும். எந்த நிலையிலும் கேமராவைக் குதிப்பவரின் இடுப்பு உயரத்தில், டிரைபாடில், நேராக வைப்பதே சுலபம்.

பந்து பக்கவாட்டில் முடுக்கம் அடைகிறது

கேமரா சாய்ந்திருக்கிறது. மலையில் எடுக்கும் கிளிப்புகளில் இதுதான் முதல் நோய். ஏற்காடு போகும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே டிரைபாடை ஊன்றினாலும் கண் சாலையைத்தான் மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். 3 பாகை சாய்ந்தால் பக்கவாட்டில் 0.51 மீ/வி² போலி முடுக்கம். 60 கிலோ ஓட்டக்காரருக்கு அது 31 நியூட்டன், இல்லாத விசை. சரிவில் ஓடுபவரின் முன்தள்ளு விசையைத் தேடும்போது நீங்கள் தேடுவதே அந்த அளவில்தான் இருக்கும்.

கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைக் காட்சிக்குள் தொங்கவிடுங்கள். கிடைக்காவிட்டால் நூலில் கட்டிய கல் போதும், காற்றில் ஆடாமல் இருந்தால் சரி. டிராக்கரில் அச்சுகளைப் போட்டு, செங்குத்து அச்சை அந்த நூலோடு ஒட்டித் திருப்புங்கள். சாலைச் சரிவுக்கு அச்சைத் திருப்பாதீர்கள். சாலைக்கு இணையான விசை வேண்டும் என்றால், செங்குத்து, கிடை இரண்டும் சரியாகக் கிடைத்த பிறகு கடைசியில் பிரித்துக்கொள்ளலாம்.

கையில் பிடித்து எடுத்து, பின்னணியே நகர்ந்தால், அசையாத ஒரு மரத்தையோ மைல்கல்லையோ இன்னொரு புள்ளியாகக் குறித்து, ரெஃபரன்ஸ் ஃபிரேமாக அதைத் தேர்ந்தெடுங்கள். நகர்ச்சை கழிந்துவிடும், சுழற்சி கழியாது. கைபேசியின் வீடியோ ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் தன் இஷ்டத்துக்கு நகர்த்தி வெட்டும்.

பந்து சரி, ஆனால் முடுக்க வரைபடம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது

உதவி கேட்டு வருகிற கிளிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். பந்துக்கு 9.8 வந்த அதே கிளிப்பில், குதிப்பவரின் இடுப்புக்கு ஒரு ஃபிரேமில் +40, அடுத்ததில் −25. அவர் உடம்பு அப்படி நடுங்கவில்லை. உங்கள் கிளிக் நடுங்குகிறது.

டிராக்கர் ஒரு ஃபிரேமின் முடுக்கத்தைத் தானும் இருபுறமும் இரண்டிரண்டுமாக ஐந்து புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டு, ஃபிரேம் இடைவெளியின் இருபடியால் வகுக்கிறது. (முதல் இரண்டு, கடைசி இரண்டு ஃபிரேமுக்கு முடுக்கம் காலியாக இருப்பது அதனால்தான், அது கோளாறில்லை.) இடைவெளி சிறுத்தால் வகுக்கும் எண் சிறுத்து, குறிப்பதில் உள்ள பிழை ஊதும். ஒவ்வொரு கிளிக்கும் சராசரியாக 1 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது என்று வையுங்கள். 30 ஃபிரேமில் முடுக்கத்தில் ஏறத்தாழ 0.5 மீ/வி² ஆட்டம். 60-ல் 2. 120-ல் 8. 240-ல் 31. நடைமுறையில் துணி மேல் ஒட்டிய குறியை 3 மில்லிமீட்டருக்குள் கிளிக் செய்வதே பெரிய விஷயம், ஆகவே இவற்றை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். 'ஃபிரேம் கூடினால் துல்லியம் கூடும்' என்று நம்பி 240-ல் எடுத்தவர்களுக்குத்தான் வரைபடம் மோசமாக வருகிறது. நேரத்தை அளக்க 240 நல்லது. முடுக்கத்தை நேரடியாக எடுக்க அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

செய்யவேண்டியது, வரிசைப்படி:

முதலில் உங்கள் கையின் பிழையை அளந்துகொள்ளுங்கள். ஒரே 20 ஃபிரேமை இரண்டு முறை தனித்தனியாகக் குறித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். படத்தின் அகலம் 1,920 பிக்சல், அதில் 3 மீட்டர் காட்சி என்றால் ஒரு பிக்சலே 1.6 மி.மீ. 8 மீட்டர் காட்சி என்றால் 4.2 மி.மீ. தேவைக்கு மேல் அகலமாக எடுக்காதீர்கள்.

240 கிளிப்பாக இருந்தால் கிளிப் செட்டிங்ஸில் ஸ்டெப் சைஸை 4 ஆக்குங்கள். 60 ஃபிரேம் கிளிப் போல ஆகிவிடும், ஆட்டம் 16-ல் ஒரு பங்காகும். முரட்டு வைத்தியம், ஆனால் பள்ளிப் புராஜெக்ட்டுக்கு இதுவே போதும்.

ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றால் பட்டர்வொர்த் வடிப்பான், அதாவது வேகமான நடுக்கத்தைக் கழித்து மெதுவான அசைவை மட்டும் விடும் கணக்கு. கினோவியாவில் உள்ளேயே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு சைபை (SciPy) தொகுப்பில் ஃபில்ட்ஃபில்ட் (filtfilt). வெட்டு அதிர்வெண் (இதற்கு மேல் வேகமான நடுக்கம் கழியும்), நடைக்கு 6 ஹெர்ட்ஸ், குதிக்கும் ஓட்டத்துக்கும் 10 முதல் 15 வரை. இடத்தை வடிகட்டிய பிறகுதான் வகையிடவேண்டும். முடுக்கத்தைக் கணக்கிட்டுவிட்டு அதை மழுப்புவது அழுக்கின் மேல் சுண்ணாம்பு அடிப்பது. வடிப்பானை முன்னும் பின்னுமாக இரு முறை ஓட்டவேண்டும். ஒரு முறை மட்டும் ஓட்டினால் வரைபடம் முழுவதும் காலத்தில் பின்தங்கி, கால் தரையை விட்ட பிறகும் விசை இருப்பதுபோல் காட்டும். வடிகட்டலில் கிளிப்பின் இரு முனைகளும் கெட்டுப்போகும் என்பதால், தேவையான அசைவுக்கு முன்னும் பின்னும் அரை நொடி கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மேலான வழி, இரண்டாம் வகைக்கெழுவையே தவிர்ப்பது. காற்றில் இருக்கும் பகுதிக்குப் பரவளையம். தரையைத் தள்ளும் பகுதிக்குக் கணத்தாக்கு, அதாவது உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்துச் சராசரி விசை எடுப்பது. 60 கிலோ ஆள் 0.50 நொடி காற்றில் இருந்தால், தரையை விடும்போது திசைவேகம் 9.78 × 0.25 = 2.45 மீ/வி. மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து தரையை விடும்வரை 0.30 நொடி என்று ஃபிரேம் எண்ணினால், உந்த மாற்றம் 60 × 2.45 = 147, அதை 0.30-ஆல் வகுத்தால் 490 நியூட்டன். அதோடு எடை 587-ஐக் கூட்டினால் தரை தந்த சராசரி விசை 1,077 நியூட்டன். ஒரு தடவைகூட முடுக்கத்தைக் கணக்கிடவில்லை, ஆனால் ரம்பப் பல் வரைபடத்தின் உச்சத்தைவிட இந்த எண்ணை நம்பலாம்.

நிற்கும்போது விசை சுழியம், காற்றில் இருக்கும்போது விசை காட்டுகிறது

இதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கும்.

முதலாவது எளிது. நிறை × முடுக்கம் தருவது நிகர விசை. நிற்பவருக்கு அது சுழியம், காற்றில் இருக்கும் அந்த 60 கிலோ ஆளுக்கு −587 நியூட்டன். உங்களுக்கு வேண்டியது தரையின் எதிர்வினை விசை. அது நிறை × (9.78 + மேல்நோக்கிய முடுக்கம்). இப்படிக் கணக்கிட்டால் நிற்கும்போது 587, காற்றில் சுழியம். கையோடு, பாயிண்ட் மாஸின் (டிராக்கரில் நீங்கள் குறிக்கும் புள்ளியின்) நிறையைப் பாருங்கள். டிராக்கர் தானாக 1 கிலோ என்று வைத்திருக்கும். மாற்றாமல் விட்டால் விசையும் முடுக்கமும் ஒரே எண்ணாக வரும்.

இதைச் சரிசெய்த பிறகும் காற்றில் +80, −60 என்று மிச்சம் இருந்தால், நீங்கள் குறித்த புள்ளி நிறை மையம் அல்ல. பெரும்பாலோர் இடுப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதையே நிறை மையம் என்று வைத்துக்கொள்கிறார்கள். கையை இடுப்பில் ஊன்றிக் குதித்தால் அது ஓரளவு சரி. கையை வீசிக் குதித்தால் சரியில்லை. இரண்டு கைகளும் சேர்ந்து உடல் நிறையில் ஏறத்தாழ 10 சதவீதம். தொங்கிய கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினால் கைகளின் மையம் சுமார் 70 செ.மீ. மேலே போகிறது, உடலின் நிறை மையம் இடுப்பை விட்டு 7 செ.மீ. ஏறுகிறது. இடுப்புக் குறி அதைப் பார்ப்பதே இல்லை. காற்றில் கால்களை மடக்கினாலும் இதே கதை. அதனால் இடுப்பின் பாதை பரவளையமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, நிறை மையத்தின் பாதைக்குத்தான் அந்தக் கட்டாயம்.

தீர்வு, உடலைத் துண்டுகளாகக் குறிப்பது. பரவலாகப் பயன்படும் பட்டியலில் தலையும் கழுத்தும் 8.1 சதவீதம், நடுவுடல் 49.7, ஒரு பக்க மேல்கை 2.8, முன்கை 1.6, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை 0.6, தொடை 10.0, கெண்டைக்கால் 4.65, பாதம் 1.45. துண்டின் மையம், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் மேல்மூட்டிலிருந்து 43.3 சதவீத நீளத்தில், மேல்கைக்கு 43.6, முன்கைக்கு 43.0. மூட்டுகளைக் குறித்து, மையங்களை எக்ஸெல்லில் கணக்கிட்டு, நிறையால் எடைபோட்டுச் சராசரி எடுங்கள். துண்டுகளின் மையத்தையே கண்ணால் குறிப்பதாக இருந்தால், டிராக்கரில் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட் மாஸ். சென்டர் ஆஃப் மாஸ் என்ற தடம் தானே சேர்த்துக்கொள்ளும்.

இந்த வகைப் பட்டியல்களின் வேர் டெம்ப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1955-ல் வெளியிட்ட அளவீடு. அது எட்டு முதிய ஆண் சடலங்களில் எடுத்தது. பதினான்கு வயது மாணவிக்கு அதைப் போட்டால் கொஞ்சம் விலகத்தான் செய்யும். பரவாயில்லை, சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. காற்றில் இருக்கும் பகுதிக்கு நிறை மையத்தின் பரவளையத்தைப் பொருத்துங்கள். பந்துக்கு வந்த முடுக்கத்தோடு 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் பட்டியல் அந்த உடலுக்குப் போதும்.

ஸ்டிக்கர் ஒட்டும் இடமும் முக்கியம். இடுப்பு மூட்டுக்குத் தொடை எலும்பின் மேல்முனையில் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் மேடு, முழங்காலுக்கு வெளிப்பக்க எலும்பு, கணுக்காலுக்கு வெளிமேடு. தொளதொள பேன்ட்டிலும் சுடிதாரிலும் ஒட்டினால் துணிதான் குதிக்கும். இறுக்கமான உடையில் அடர்நிற இன்சுலேஷன் டேப், அதன் நடுவே வெள்ளை வட்டம், 3 செ.மீ. அகலம்.

தரையிறங்கும் உச்ச விசை ஒவ்வொரு தடவையும் வேறு

அதை வீடியோவில் தேடாதீர்கள். குதிகால் தரையில் மோதும் உச்சம் சில பத்து மில்லி நொடிகளில் வந்து போய்விடும். 30 ஃபிரேமில் அதற்கு ஒன்றிரண்டு படம்தான் கிடைக்கும், 10 ஹெர்ட்ஸ் வடிப்பான் அதையும் தேய்த்துவிடும். வடிப்பானை 10-லிருந்து 20 ஆக்கினால் உச்சம் ஏறும், 6 ஆக்கினால் இறங்கும். நீங்கள் அளப்பது வடிப்பானை, காலை அல்ல. சராசரி விசையை எழுதுங்கள். மேலே சொன்ன அதே ஆள் விறைப்பாக இறங்கி 0.10 நொடியில் நின்றால் சராசரி 2,050 நியூட்டன், எடையைப்போல் மூன்றரை மடங்கு. முழங்காலை மடக்கி 0.25 நொடியில் நின்றால் 1,175, இரண்டு மடங்கு. பயிற்சியாளருக்குத் தேவையான ஒப்பீடு இதுவே.

குதி உயரம் இரண்டு வழியில் இரண்டு விதமாக வருகிறது

ஒரு வழி, நிறை மையம் ஏறிய உயரத்தைப் படத்திலேயே அளப்பது. இன்னொரு வழியில், காற்றில் இருந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால், உயரம் 9.78 × நேரத்தின் இருபடி ÷ 8. 0.50 நொடிக்கு 30.6 செ.மீ. 30 ஃபிரேம் கிளிப்பில் ஒரு ஃபிரேம் தவறினால் 34.8 ஆகிவிடும், 4 செ.மீ. போயிற்று. 240-ல் அதே தவறு அரை செ.மீ.தான். இங்கேதான் ஸ்லோ மோஷன் காசுக்கு வேலை செய்கிறது. முழங்காலை மடக்கி இறங்கினால் கால் தாமதமாகத் தரையைத் தொடும், உயரம் போலியாகக் கூடும். கிளம்பிய அதே நீட்டலில் இறங்கச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு மடக்கிக்கொள்ளட்டும்.

முதுகில் 4,000 நியூட்டன் வருகிறது, நிச்சயம் பிழை!

இல்லை. லீ பஜாரில் 50 கிலோ மூட்டையைக் குனிந்து தூக்குபவரின் மூட்டை, கீழ்முதுகு மூட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருந்தால் திருப்புத்திறன் 196 நியூட்டன் மீட்டர். அதைத் தாங்கும் முதுகுத் தசைக்கு நெம்புகோல் கை 5 செ.மீ. அளவுதான். வகுத்தால் 3,900 நியூட்டன், அதுவும் மூட்டைக்கு மட்டும். முன்னால் சாய்ந்த மேலுடலின் எடை தனி. எண் பெரிதாக வந்ததற்காக ஒரு தசமப் புள்ளியை நகர்த்தித் 'திருத்திய' ரிப்போர்ட்டுகள் உண்டு. அந்தத் தூரத்தை 25 செ.மீ. ஆக்கினால் 2,450 ஆகிறது, மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்கச் சொல்வதன் கணக்கு இவ்வளவுதான். உண்மையான பிழை வேறொரு இடத்தில் வரும். மூட்டை தரையை விட்டுக் கிளம்பும்போது அதற்கும் முடுக்கம் உண்டு. வெடுக்கென்று இழுத்து 3 மீ/வி² முடுக்கினால் கைக்கு 489 அல்ல, 639 நியூட்டன். மூட்டையின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டாமல் இதைப் பிடிக்க முடியாது.

தானியங்கித் தடம் புள்ளியை விட்டு ஓடுகிறது

ஆட்டோ டிராக்கர் முந்தைய ஃபிரேமின் துண்டுப் படத்தை அடுத்ததில் தேடுகிறது. மங்கல், வெளிச்சம், பின்னணி மூன்றில் ஒன்று அதைக் குழப்பியிருக்கும்.

மங்கல் என்றால் ஷட்டர். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் பாதம், ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் 8 செ.மீ. கோடாக இழுபடும், 1/1000 என்றால் 5 மி.மீ. சேலத்து வெயிலில் 1/1000 வைக்க வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் உச்சி வெயிலில் வெள்ளை ஸ்டிக்கர் படத்தில் ஒரேயடியாக வெளுத்துப்போய், காலடி நிழல் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, அல்லது மாலை நாலரைக்குப் பிறகு எடுங்கள்.

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் வெள்ளை ஸ்டிக்கர் பின்னணியில் கரைந்துவிடும். கறுப்பில் ஆரஞ்சு வையுங்கள், ஃபோகஸைப் பூட்டுங்கள். ஃபோகஸ் தேடி லென்ஸ் அசையும் ஒவ்வொரு முறையும் படத்தின் அளவே சற்று மாறும், அது முடுக்கமாக வந்து உட்காரும்.

வீட்டுக்குள், பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 240 ஃபிரேம் கிளிப்பில் படம் மாறி மாறி இருளும், ஆட்டோ டிராக்கர் அதை வேறு பொருள் என்று நினைக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு மாறுங்கள், முடியாவிட்டால் ஷட்டரை 1/100-ல் பூட்டி 60 ஃபிரேமில் எடுங்கள். குழித்தறி நெசவாளரின் கால் அசைவை எடுக்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். தறிக்குழி இருட்டு, மிதிகட்டையை மிதிக்கும் கால் பாவுக்குக் கீழே மறைவு. குழி ஓரத்தில் பேட்டரி எல்இடி விளக்கு ஒன்றும் கணுக்காலில் ஒரு பளிச்சென்ற டேப்பும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எல்லாம் செய்தும் ஓடினால் எவல்யூஷன் ரேட்டை (தேடும் துண்டுப் படம் ஃபிரேமுக்கு ஃபிரேம் எவ்வளவு மாறலாம் என்ற அளவை) குறைத்துப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் துண்டுப் படம் மெல்ல மெல்லத் துணி மடிப்பாக மாறிவிடும். முப்பது ஃபிரேம் என்றால் கையால் குறித்துவிடுவதே வேகம். மீடியாபைப் போன்ற உடல்நிலைக் கண்டறியும் நிரல்கள் ஸ்டிக்கர் இல்லாமலே 33 புள்ளிகள் தரும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு காலை மற்றது மறைக்கும்போது இடது வலது மாறிப்போகும், முழங்கால் ஒரே ஃபிரேமில் அரை மீட்டர் தாவும். அந்த ஃபிரேம்களை வெட்டாமல் வடிப்பானில் போட்டால் தாவல் மழுங்கி, உண்மைபோல் தோற்றமளிக்கும் பொய் விசையாகிவிடும்.

கபடி கிளிப்பில் எதுவுமே ஒத்துவரவில்லை

ஒரே கேமராவால் வராது. ரெய்டர் திரும்பிக்கொண்டே இருப்பார். உடல் படத்தளத்திலிருந்து 20 பாகை திரும்பினால் கிடை நீளம் 6 சதவீதம் குறுகும், 30-க்கு 13 சதவீதம். கோட்டின் மேல் நேராகப் பாய்ந்து திரும்பும் ஓர் அசைவை மட்டும் தனியாகச் செய்யச் சொல்லி, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கேமராவை வைத்து எடுங்கள்.

எடைத் தராசோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகவில்லை

குளியலறை டிஜிட்டல் தராசு பல அளவீடுகளைச் சராசரி எடுத்து, ஆள் அசையாமல் நின்ற பிறகே எண்ணைக் காட்டும். குந்தி எழும்போது அதில் தோன்றுவது விசை அல்ல. முள் தராசு கொஞ்சம் மேல், ஆனால் ஸ்பிரிங் தன் போக்கில் ஆடி உச்சத்தைத் தாண்டிப் போகும். ஒப்பிடவேண்டும் என்றால் முள் தராசின் மேல் நின்று, இறங்க இரண்டு நொடி, எழ இரண்டு நொடி என்று மெதுவாகக் குந்தி எழச் சொல்லி, முள்ளையும் ஆளையும் ஒரே ஃபிரேமில் எடுங்கள். இறங்கத் தொடங்கும்போது முள் எடைக்குக் கீழே போய், அடியில் நிற்கும்போது மேலே ஏறவேண்டும். உங்கள் கணக்கில் அந்த வரிசை தலைகீழாக வந்தால் செங்குத்து அச்சு கீழ்நோக்கி நிற்கிறது. 180 பாகை திருப்புங்கள்.